முந்நூறு கொக்குக்கு ஏற்ற கடதாசி

உ

சிலிபின், ஈப்போ
26.5.1984

அன்புள்ள தம்பி ஸ்கந்தராஜாவுக்கு,

அண்ணி பூமணி எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். தைப்பிங்கில் நீரும் மங்களமும் கலியாணப்பெண் கௌரியும் சுகம் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று வாரமாக உங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் ஒரு வரி எழுதாதபடியால் வேறெதையும் வைத்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜூன் பத்தாந்தேதி நடக்கவிருக்கும் கௌரியின் கலியாணத்துக்கு முந்நூறு கடதாசிக் கொக்கு மடித்துத் தருவதாக நான் கொடுத்த வாக்கை இத்தால் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கொக்கும் வராது, நானும் வரமாட்டேன். காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசியும். மங்களத்துக்கும் சத்தமாக வாசித்துக் காட்டும். இடையில் அவள் எழுந்து அடுப்படிக்குப் போனால், திரும்பி வரும்வரை பொறுத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இந்தக் கொக்கு யோசனை என்னுடையது அல்ல என்பதை நீர் மறந்திருக்கலாம். அது உமக்கு வரப்போகும் மருமகன் குகதாசனுடையது. கமுந்திங்கில் ஜப்பான்காரர் தொழிற்சாலையில் அவர் இஞ்சினியர் என்பது நல்ல விஷயந்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிழக்கைப் பார் என்று அரசாங்கம் சொன்னாலும் சொன்னது, ஆறு மாதம் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய்வந்த பிள்ளை இன்னும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அங்கே கலியாணத்துக்குக் கடதாசியில் கொக்கு மடித்து வைப்பார்களாம், அது ஆயுளுக்கு நல்லதாம், அவருடைய மேலாளரும் மனைவியும் வருவதால் ஒவ்வொரு விருந்தாளியின் முன்னாலும் ஒரு கொக்கு இருக்க வேண்டுமாம். காம்பார்ப் பக்கம் ஈயம் தோண்டிவிட்ட குட்டைகளில் ஒற்றைக்காலில் நிற்கிறதே, அந்தக் கொக்கு. அதைப் பார்த்து யாருக்கும் கலியாண நினைவு வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. "அக்காவுக்குக் கைவேலை நல்லா வரும், அவ மடிக்கட்டுமே" என்று மங்களம் சொன்னபோது, அதன் பொருள் எனக்கு விளங்காமல் இல்லை. கைவேலை கொடுத்துவிட்டால் அண்ணியை மணவறைப் பக்கம் காணவேண்டியதில்லை.

ஆகவேதான் நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். பெண்வீட்டார் பக்கம், முன்வரிசையில், உமக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு கதிரை. உம்முடைய மூத்தவன் கலியாணத்தில் என்னைப் பலகார டின்கள் அடுக்கியிருந்த அறையில் உட்காரவைத்தீர்கள். "இங்க ஃபேன் இருக்கு அக்கா, உங்களுக்கு வசதி" என்றாள் மங்களம். அந்த ஃபேனுக்குக் கீழே நான் மூன்று மணி நேரம் இருந்தேன். நாதஸ்வரம் உயர்ந்ததை வைத்துத் தாலி கட்டியாயிற்று என்று தெரிந்துகொண்டேன். அந்தப் பிள்ளைக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் நான். புருஷனை இழந்தவள் எதிரே இருந்தால் தாலி கழன்று விழும் என்றா பயம்? இந்தமுறை நிபந்தனையைக் கேட்ட நீர், "பார்ப்போம் அண்ணி" என்றீர். "பார்ப்போம்" என்று நீர் சொன்னவற்றில் இதுவரை பார்த்தது எதுவும் இல்லை என்றாலும், கௌரிக்காக ஒப்புக்கொண்டேன்.

இனிக் கடதாசிக்கு வருகிறேன். குகதாசன் மாதிரிக்கு ஒரு கொக்கும், படம் போட்ட விளக்கத்தாளும், ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பத்துத் தாளும் அனுப்பியிருந்தார். முந்நூறு கொக்குக்குப் பத்துத் தாள். மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிப் போடுவதுபோல் சின்ன உறையில் போட்டு, கவனம் என்று மேலே எழுதியிருந்தது. ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை, ஊதினால் பறக்கும். இன்னும் தேவையென்றால் கோலாலம்பூரில் ஜப்பான்காரர் கடை ஒன்றில் கேட்கலாம் என்றார் தொலைபேசியில். நான் என் வாழ்நாளில் ஜப்பான்காரரிடம் எதையும் கேட்டதில்லை. யுத்தகாலத்தில் கேட்காமலே வந்து மூன்றரை வருடம் இருந்தார்கள், அது எனக்குப் போதும். அவர்களுடைய கடதாசியும் எனக்குத் தெரியும். வாழைமரம் அச்சடித்து, அவர்கள் போன மறுநாளே செல்லாமல் போன நோட்டாக என் தகப்பனார் ஒரு தலையணை உறை நிறைய வைத்துவிட்டுப் போனார். பத்துத் தாளையும் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, நல்ல கடதாசி எது என்று நானே தெரிந்தெடுப்பதாக முடிவு செய்தேன்.

நல்ல பொருள் கையில் எடுத்தால் கனக்க வேண்டும். கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் சொல்லித்தந்த சிஸ்டர் பெர்னடெட், துணியை விரலுக்கிடையில் பிடித்துப் பார்த்து, இலேசாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதன்படி டவுனில் புத்தகக் கடைக்குப் போய், இங்கிலாந்திலிருந்து வந்த சித்திரத்தாளில் ஆகத் தடித்ததை வாங்கினேன். அளவுகோல் வைத்து வெட்டினேன், ஒரு நூல் பிசகவில்லை. முதல் மடிப்பு கம்பீரமாக வந்தது. மூன்றாவது மடிப்பில் முதுகு வெடித்து நார் வெளியே தெரிந்தது. கழுத்துக்கு வரும்போது மடிப்பின்மேல் மடிப்பாக ஏறி, கடதாசி விரலை எதிர்த்துத் தள்ளியது. முடிந்தபோது மேசையில் இருந்தது கொக்கு அல்ல, மழைக்கு ஒதுங்கிய தவளை. இஸ்திரிப்பெட்டியால் அழுத்தினேன், தவளை கருகியது. கடைக்காரனிடம் திரும்பப் போனேன். அவன் கிரேப் தாளைக் காட்டினான். அது ரப்பர்போல் இழுபட்டு, எந்த மடிப்பையும் இரண்டு நிமிடத்துக்குமேல் நினைவில் வைத்திருக்கவில்லை. பிறகு பரிசுப்பொருள் சுற்றும் பளபளப்புத் தாள். அதில் பதினெட்டுக் கொக்கு மடித்து வரிசையாக வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் பதினெட்டும் மடிப்பு விட்டு மல்லாந்து கிடந்தன, விருந்து உண்ட மாப்பிள்ளை வீட்டார்போல. இந்த நாட்டில் நேராக மடியக்கூடிய கடதாசி விற்பனைக்கு இல்லை என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் மங்களம் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, கொக்கு தங்க நிறமா இருந்தா வடிவா இருக்கும்" என்றாள். கொக்குத் தங்க நிறத்தில் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பேச்சை மட்டும் நீர் நினைவில் வைத்துக்கொள்ளும், ஏனென்றால் அடுத்து நடந்ததற்கு மூலகாரணம் அதுதான்.

பழைய டவுனில் ஒரு சீனக் கடை. வாசலில் சிவப்பும் பொன்னுமாகத் தொங்கின. உள்ளே கட்டுக்கட்டாகத் தாள், மூங்கில்நார்க் கடதாசி, நடுவே சதுரமாகத் தங்க ரேக்கு ஒட்டியது. விரலுக்கிடையில் பிடித்தேன். சொரசொரப்பு, ஆனால் சொன்ன இடத்தில் மடிந்தது, மடிந்த இடத்தில் நின்றது. கடையில் பனியனோடு இருந்த பெரியவருக்கு மலாய்தான் தெரியும். எவ்வளவு வேண்டும் என்றார். முந்நூறு பேருக்கு என்றேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். பெரிய குடும்பமா என்று கேட்டார். பெரியதுதான், தைப்பிங்கில் எல்லாருமாகச் சேர்கிறோம் என்றேன். அவர் நெஞ்சில் கைவைத்து, கட்டோடு ஒரு பாக்கெட் ஊதுவத்தியும் சேர்த்து, அதற்கு விலை வேண்டாம் என்றார். நம்முடைய கடைக்காரர்களிடம் இந்த மரியாதை இல்லையே என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எட்டு நாள் மடித்தேன். நூற்றிருபது கொக்கு, ஒவ்வொன்றும் நகை. முன்னறைக் கண்ணாடி அலுமாரியிலும் சன்னல் ஓரத்திலும் வரிசையாக வைத்தேன், வீதியில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று. ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுத் திருமதி லியோங் வெள்ளை உடுப்பில், கையில் ஒரு வெள்ளை உறையோடு வந்தார். நாங்கள் இங்கிலீஷில் பேசிக்கொள்வோம், அதைத் தமிழில் எழுதுகிறேன். "ஆண்டி, யார்?" என்றார் மெதுவாக. "யார் என்றால்?" என்றேன். "சன்னலில் பார்த்தேன். சொல்லியிருக்கலாமே, ஆண்டி. நான் வந்து கூட இருந்திருப்பேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரே எல்லாவற்றையும் விளக்கினார். வெள்ளை உறை சாவு வீட்டுக்குக் கொடுக்கும் பணமாம், அந்தத் தாள் செத்தவர்களுக்கு எரிப்பதாம். மடித்து நெருப்பில் போட்டால் மேலுலகத்தில் அவர்களுக்குத் தங்கமாகப் போய்ச் சேருமாம். தலைக்கு ஒரு கட்டு எரிப்பார்களாம். முந்நூறு பேருக்கு என்று நான் சொன்னதை நினைத்தபோது, கடைக்காரர் எழுந்து நின்ற காரணம் புரிந்தது.

யோசித்துப் பாரும். குகதாசனின் தொழிற்சாலை நண்பர்கள் நாலு மேசை, அத்தனை பேரும் சீனர். ஒவ்வொருவரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவுடன் சாவுத் தாளில் மடித்த ஒரு பறவை. யார் மடித்தது என்று கேள்வி வரும். அண்ணி, விதவை என்று பதில் வரும். மங்களத்துக்கு இனி ஆயுள் முழுக்கப் பேச வேறு விஷயமே தேவைப்படாது. என்னை டின் அறையில் வைத்தது சரிதான் என்று ஊரே சொல்லும், தம்பி. நீர் வாய் திறந்து மறுத்திருக்க மாட்டீர், எனக்குத் தெரியும்.

குப்பையில் போடக்கூடாது, எரித்துத்தான் ஆகவேண்டும், எரிக்கும்போது ஒரு பெயரும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் போக்கிடம் இல்லாத ஆவிகள் எடுத்துக்கொள்ளும் என்றார் திருமதி லியோங். ஆகவே பின்கட்டில் மண்ணெண்ணெய் டின்னில் போட்டு, உம்முடைய அண்ணன் பெயரைச் சொல்லிக் கொளுத்தினேன். அந்த உலகத்தில் இப்போது பஞ்சலிங்கம் அவர்களிடம் நூற்றிருபது தங்கக் கொக்கு இருக்கின்றன. உயிரோடிருந்தபோது நாலு கோழி வளர்க்கத் தெரியாத மனிதர்.

அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் செல்லாயி வண்டியை நிறுத்தினாள். செல்லாயியை உமக்கு நினைவிருக்காது. பீடோர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் உம்முடைய அண்ணன் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தபோது அங்கே பால்மரம் வெட்டியவள். தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபிறகு புந்தோங்குக்கு வந்து, வறுத்த கடலையும் பட்டாணியும் முறுக்கும் வண்டியில் தள்ளி விற்கிறாள். இருபது வருடம் கழித்தும் என்னைக் கிராணியம்மா என்றுதான் கூப்பிடுவாள். அதில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"என்னா கிராணியம்மா, குருவி சுடுறீங்களா?"

"கொக்கு" என்றேன்.

"கொக்கா? காலே இல்லயே." எட்டிப் பார்த்தாள். "அட, இது சீனவங்க சாவுக்குக் கொளுத்துற தாளு லா. யாருக்கு?"

"கௌரி கலியாணத்துக்குச் செய்தது."

அவள் சிரித்த சிரிப்பில் வண்டியிலிருந்த போத்தல்கள் ஆடின. பிறகு கேட்டைத் தானே திறந்துகொண்டு வந்தாள். அதற்கு நான் அனுமதி கொடுக்கவில்லை. வண்டியிலிருந்து கைக்கு வந்த தாள்களை எடுத்து என் மேசையில் பரப்பினாள். செய்தித்தாள், பள்ளிக் கொப்பி, டெலிபோன் புத்தகம். ஒவ்வொன்றாகக் கிழித்துக் காட்டினாள்.

"எல்லாத் தாளுக்கும் ஒரு ஓட்டம் இருக்கு கிராணியம்மா. இப்படிக் கிழிச்சா நேராப் போகும். குறுக்கக் கிழிச்சா கோணிக்கிட்டுப் போகும். ஓட்டத்தப் பாக்காம வெட்டுனா, சுருட்டுன கூம்பு திரும்ப எந்திரிச்சிரும், கடலையெல்லாம் ரோட்டுல. செய்தித்தாளு கையில மை ஒட்டும், சவசவன்னு இருக்கும். டெலிபோன் புக்கு ரொம்ப மெலிசு, கிழிஞ்சிரும். இந்தா மேசையில கெடக்கே ஒங்க தடிச்ச தாளு, அது பொட்டி செய்ய ஆகும், கொக்குக்கு ஆகுமா? மெலிசா இருக்கணும், ஆனா முறுக்கு இருக்கணும். நகத்தால நீவுனா சரக்னு ஒரு சத்தம் கேக்கணும். கேட்டாதான் நிக்கும்."

"இதை உனக்கு யார் சொல்லித்தந்தது?"

"ஒரு நாளைக்கு நூறு கூம்பு சுத்துறேன். யாரு சொல்லணும்?"

பொறுத்துக்கொண்டு, அப்படிப்பட்ட தாள் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். தகவலுக்காகத்தான் கேட்டேன்.

"ஒங்க வீட்டுலயே இருக்குமே. அய்யா வச்சிருந்தாரே, மஞ்சத் தாளு, ஆளுங்க பேரு போடுற செக்ரோலு நகல் அடிக்கிறது."

"எந்த மஞ்சள் தாள்?"

"ஆபீஸ் தாளு லா. தோட்டத்த விட்டு நீங்க கெளம்புன அன்னிக்கு ஒரு தகரப் பொட்டிய நான்தானே தலையில தூக்கியாந்து லாரில ஏத்துனேன். என்னாய்யா இம்புட்டு கனம்னு கேட்டேன். தாளு புள்ள, சத்தம் போடாத, அப்படின்னாரு. ரெண்டு நாளைக்குக் கழுத்து திரும்பல."

தம்பி, உம்முடைய அண்ணன் ஆபீஸ் பென்சிலை ஆபீசிலேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்த மனிதர். குண்டூசி ஒன்று சட்டையில் தவறி ஒட்டி வந்ததற்கு மறுநாள் விடிய எழுந்து திரும்பக் கொண்டுபோய்ப் போட்டவர். இதை உம்முடைய கலியாணத்திலும் சொன்னேன், அவர் செத்து எட்டாம் நாள் எட்டுச் செலவிலும் சொன்னேன், ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. கூலிக்காரர்களுக்கு அரைநாள் சம்பளத்துக்குப் பேர் போடுவதற்குக்கூடத் துரையிடம் கேட்டுவிட்டுத்தான் போடுவார். அப்படிப்பட்டவரைக் கடலை விற்கிறவள் ஒருத்தி என் மேசையில் வைத்துத் திருடன் என்கிறாள். வெளியே போ என்றேன். அவள் போனாள். போகும்போது ஒரு கூம்பு கடலையை மேசையில் வைத்து, "மொதல்ல தாளப் பாருங்க, அப்புறமாக் கடலையத் தின்னுங்க" என்றாள்.

பெட்டியை நான் திறக்கவில்லை. திறக்கவும் போவதில்லை. அவர் போனதிலிருந்து எட்டு வருடமாகக் கட்டிலுக்குக் கீழே அது இருக்கிறது, இருக்கட்டும். ஜூனியர் கேம்பிரிட்ஜ் முதல் வகுப்பில் தேறியவள் கடலைக்காரியிடம் கடதாசிப் பாடம் கேட்கும் நிலை இன்னும் வரவில்லை. முடிவாகச் சொல்கிறேன். கொக்கு இல்லை. பத்து ஜப்பான் தாளையும் தனி உறையில் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். அதில் பத்துக் கொக்கு மடித்து மேலாளர் மேசையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மேசைகளில் மங்களம் பலூன் கட்டட்டும், அவளுடைய ரசனைக்கு அது பொருந்தும். முன்வரிசைக் கதிரையை வேறு யாருக்காவது கொடும். நான் அன்றைக்கு வீட்டிலிருந்து தேவாரம் பாடிக்கொள்கிறேன்.

கௌரிக்கு என் ஆசீர்வாதம். அவள் பதினாறும் பெற்று, மாமியார் வீட்டில் ஃபேன் இருக்கும் அறைகளில் யாரையும் உட்காரவைக்காமல் வாழவேண்டும். குகதாசனுக்கு அன்பு. மங்களத்துக்கு எப்போதும்போல.

இப்படிக்கு,
உமது அண்ணி
பூமணி பஞ்சலிங்கம்

பி.கு. (3.6.1984, ஞாயிறு)

மேலே உள்ளதைத் தபாலில் போடவில்லை. எட்டு நாள் மேசையிலேயே கிடந்தது. ஏன் என்று கேட்க வேண்டாம்.

செல்லாயி பொய் சொல்கிறாள் என்று நிரூபிப்பதற்காக மட்டும் பெட்டியைத் திறந்தேன். மேலே உம்முடைய அண்ணனின் கழுத்துப்பட்டி இரண்டு, நற்சான்றுப் பத்திரம். கீழே, கட்டிய நூல் அவிழாமல், மஞ்சள் தாள் இரண்டு கட்டு, தோட்டத்து ஆபீஸ் முத்திரையோடு. தரையில் இருந்தபடியே முத்திரையை இரண்டு தரம் வாசித்தேன். பிறகு கத்தரிக்கோல் எடுத்து ஒரு சதுரம் வெட்டி மடித்து நகத்தால் நீவினேன். சரக் என்றது. மற்றது, மஞ்சள் கலியாணத்துக்கு ஆகாத நிறமா? தங்கத்துக்கும் அவ்வளவு தூரம் இல்லை, மங்களத்திடம் சொல்லும்.

செல்லாயியை நான் கூப்பிடவில்லை. அவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள், நான் வழக்கத்துக்கு மாறாகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தேன். அவள் ஓட்டம் பார்த்து வெட்டி உடம்பை மடிப்பாள், நான் கழுத்தும் அலகும். அலகு அவளுக்கு வராது. இதைக் குறித்துக்கொள்ளும். இன்றோடு முந்நூற்றுப் பன்னிரண்டு, அத்தனையும் நிற்கின்றன. முத்திரை விழுந்த தாள்களில் அது சிறகின் உள்ளே போகும்படி மடித்திருக்கிறோம். விருந்தாளிகள் யாரும் கொக்கைப் பிரித்துப் பார்க்காதபடி கவனித்துக்கொள்ளும். கடதாசி யார் கொடுத்தது என்று கேட்டால், பெரியப்பா கொடுத்தார் என்று கௌரி சொல்லட்டும். அது உண்மை. அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பது அந்தக் கேள்வியில் அடங்காது.

பத்து ஜப்பான் தாளையும் அனுப்பமாட்டேன். நான் தேநீர் போட உள்ளே போன நேரத்தில் செல்லாயி அவற்றில் கடலை சுற்றிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். ஒரு கடலை சிந்தவில்லையாம். மிக நல்ல கடதாசி என்று குகதாசனிடம் சொல்லும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். வருகிறோம் என்றுதான் எழுதியிருக்கிறேன், திரும்ப வாசித்துப் பார்க்க வேண்டாம். கொக்குகள் மூன்று பிஸ்கட் டின்களில் என் மடியில் இருக்கும். நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேனோ அந்த இடத்தில்தான் மூடி திறக்கும். பலகார அறையில் உட்கார்ந்தால் பலகாரங்களுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு கொக்கு கிடைக்கும். முன்வரிசையில் இரண்டு கதிரை போடும், இரண்டாவதற்குக் கைப்பிடி வேண்டாம், செல்லாயி கொஞ்சம் அகலம்.